மேசைக்கடியில் பல்லி

கம்ப்யூட்டரும் மூலம் என்றுதான் சொன்னது.

சண்முகசுந்தரி அம்மாள் கைப்பையைத் தூக்கித் தோளில் மாட்டிவிட்டாள்.

"போதும் தம்பி. பெண் மூலம் மாமனாருக்கு ஆகாது. மருமக வரணுங்கிறதுக்காக இவுகளைக் காவு குடுக்க முடியுமா?"

காவு போகவேண்டிய மாமனார் தாணுமாலையன், ஈபி ஆபீசில் ரிட்டயர் ஆனவர், பக்கத்து நாற்காலியில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். அவர்கள் மகன் நடராஜுக்கும் விஜயஸ்ரீக்கும் ஒரே பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. கட்டினால் அவளைத்தான் என்று அவன் ஒற்றைக்காலில் நிற்கிறான். வரப்போகிற மாமியார் வாயால் சரியென்று சொல்லாமல் தாலிக்குக் கழுத்தை நீட்டமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். கல்லிடைக்குறிச்சியில் ஜோசியர் ஒருத்தர் பாக்கியில்லை, எல்லோரும் உதட்டைப் பிதுக்கியாச்சு. மெசினுக்கு யார்மேலும் கோபதாபம் கிடையாது, அது சொன்னால் கேட்கலாம் என்றுதான் அம்மாள் ஆத்தைத் தாண்டி அம்பாசமுத்திரம் வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செந்தூர்பாண்டி வைத்திருந்த கம்ப்யூட்டர் ஜாதக நிலையத்துக்கு.

மெசினும் கையை விரித்துவிட்டது. இந்தக் கல்யாணம் அவ்வளவுதான்.

அந்த மெசின் லட்சணத்தையும் சொல்லவேண்டும். செகண்ட் ஹாண்டில் வாங்கியது. மேசைக்கடியில் இருந்த பெட்டிக்குள்ளே சூடு தணிக்க ஓடுகிற காத்தாடி, மாவு மில்லு கணக்காக இரையும். திடீரென்று எதிலோ உரசி டக் டக் டக் என்று தட்டும். எப்போது தட்டும், எப்போது சும்மா கிடக்கும் என்று அதுக்கே தெரியாது. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று செந்தூர்பாண்டி சோம்பேறித்தனமாக விட்டுவைத்திருந்தான்.

தாணுமாலையன் தொண்டையைச் செருமினார்.

"அந்தப் பிள்ளை வந்தா எனக்கு ஒண்ணும் ஆகாது, சுந்தரி."

டக் டக் டக்.

எழுந்த அம்மாள் அப்படியே நின்றாள்.

"பல்லி சொல்லுது" என்றாள்.

அது பல்லி இல்லையம்மா என்று சொல்லச் செந்தூர்பாண்டி வாயைத் திறந்தான். அதற்குள் அவள் மறுபடி உட்கார்ந்து, பயபக்தியோடு பல்லியிடமே நேரடியாகக் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

மருமகள் தன்னை மதித்து நடப்பாளா என்று கேட்டாள். டக் டக் டக்.

பேரன் பேத்தி காலாகாலத்தில் பிறக்குமா என்று கேட்டாள். டக் டக் டக் டக் டக். பல்லிக்கு ரொம்ப உற்சாகம்.

காலையில் வெள்ளென எழுந்திருப்பாளா என்று கேட்டாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் யோசித்து யோசித்து ஒரே ஒரு டக்.

"சர்க்கரை வியாதிய வச்சுக்கிட்டு இவுக ஒளிச்சு ஒளிச்சு அல்வா திங்காகளே, இனிமேலாவது விடுவாகளா?"

பல்லி மூச்சுக் காட்டவில்லை.

அம்மாள் அரை நிமிஷம் காத்திருந்து பார்த்தாள். பிறகு சேலைக் கொசுவத்தைக் குனிந்து சரிசெய்துகொண்டு எழுந்து, வருகிற தையில் நாள் குறித்துவிடலாம் என்று சொல்லிவிட்டு, பஸ் நிற்கிறதா என்று பார்க்க வெளியே போனாள்.

செந்தூர்பாண்டிக்கு இதை மறைக்க மனசு வரவில்லை. ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையாக, நாளைக்கு இந்த மனுசனுக்கு ஒரு தலைவலி வந்தால்கூடப் பழி தன் தலையில்தான் விடியும். குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீக. அது பல்லி இல்ல. பெட்டிக்குள்ள ஓடுத காத்தாடி" என்றான்.

தாணுமாலையன் மேசைக்கடியில் குனிந்து தன் செருப்பைத் தேடி மாட்டினார்.

"அது எனக்குத் தெரியாதாவே? வந்து உக்காந்ததும் கால் தெரியாம பெட்டி மேல பட்டுச்சு. தகடு நெளிஞ்சு கிடக்கு, பெருவிரலால ஒரு அமுக்கு அமுக்குனா காத்தாடி தட்டுது. நல்ல பிள்ளைவே அது. மூலமாம், கேட்டையாம். எனக்கு வாரது வரட்டும், நீரு வாயைத் திறக்கப்பிடாது."

முகமெல்லாம் சிரிப்பாக, பள்ளிக்கூடம் விட்ட பையனாட்டம் ரோட்டைத் தாண்டிப் போனார். அவரைப் பார்க்கச் செந்தூர்பாண்டிக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாவம் அந்த அம்மாள், இப்படியா ஒரு மனுஷி ஏமாறுவாள் என்று நினைத்தான்.

நினைத்து முடிக்கவில்லை, அம்மாளே வாசலில் நின்றாள். ஜாதகத்தை விட்டுவிட்டுப் போய்விட்டாளாம். எடுத்துக் கொடுத்தான். வாங்கிக்கொண்டு மேசைக்கடியில் ஒரு பார்வை பார்த்தாள்.

"மொதல்ல பல்லின்னுதான் நெனச்சேன் தம்பி. அல்வான்னதும் வாயடைச்சுப் போச்சு பாரு, அப்பந்தான் குனிஞ்சு பாத்தேன். பெருவிரல் பெட்டி மேல இருக்கு."

அப்புறம் எதுக்கும்மா சரின்னு சொன்னீக என்று செந்தூர்பாண்டி கேட்டான்.

"பயம் எனக்கு இன்னமும் இருக்கு. ஆனா தன் உசுருக்கே ஆகாதுன்னு ஊரெல்லாம் சொல்லுத பிள்ளைக்காக, இந்த மனுசன் செருப்பைக் கழட்டிப்போட்டு இந்தப் பாடு படுதாக. அதுக்கு மேல எனக்கு என்ன பொருத்தம் பாக்கணும்?"

எதிர்ச்சாரியில் தாணுமாலையன் கல்லிடைக்குறிச்சி பஸ்ஸில் ஏறி இடம் போட்டுவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார். அம்மாள் படியிறங்கியவள், திரும்பி மெதுவாகச் சொன்னாள்.

"அவுககிட்ட வாயை விட்டுராத தம்பி. நான் ஏமாந்துட்டேன்னு அம்புட்டு சந்தோசமா இருக்காக."