திருமண நாள் காண்கிறவர்கள்

போதகர் சொல்லி முடிக்கும் முன்பே அவள் எழுந்துவிட்டாள்.

"இந்த வாரத்தில் பிறந்த நாள், திருமண நாள் காண்கிறவர்கள் பீடத்தண்டை வாருங்கள்."

ஞாயிறுதோறும் சொல்வதுதான். குழந்தைகள் முதலில் ஓடும். பிறகு தம்பதிகள். கணவன் ஆண்கள் பக்கத்திலிருந்து வருவான், மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து வருவாள். நடுப்பாதையில் சேர்ந்து, முன்னால் போய் முழங்காலிடுவார்கள்.

பக்கத்தில் இருந்த நாத்தனார் அவள் முந்தானையைப் பிடித்தாள்.

"மதினி, இருங்க. அண்ணந்தான் இல்லியே. எதுக்குப் போறீங்க?"

அந்தக் குரலில் பொல்லாப்பு இல்லை. அவளும் தாலியைக் கழற்றி வைத்தவள்தான், வெகு காலத்துக்கு முன்பே. புருஷன் போனால் கல்யாண நாளும் கூடவே போய்விடும் என்று அந்தச் சபையில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அவள் முந்தானையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

மயில் கழுத்து நிறச் சேலை. போன வருடம் இதே நாளுக்கு அவர் எடுத்துக் கொடுத்தது. இது என்ன நிறம் என்று அன்றைக்கு அவரோடு மல்லுக்கு நின்றாள். இன்று காலை பீரோவைத் திறந்தபோது கை நேரே அதற்குத்தான் போனது.

பெஞ்சுகளைத் தாண்டி நடுப்பாதைக்கு வந்தாள்.

வந்து, நின்றுவிட்டாள்.

வேண்டுமென்று நிற்கவில்லை. கால்கள் தாமாக நின்றன. ஒவ்வொரு வருடமும் அந்த இடத்தில்தான் நிற்பாள். அவர் வர வேண்டுமே.

மனிதர் சட்டென்று எழுந்து வரமாட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் வைப்பார். பாட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பார். மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிவிடுவார். பிறகு காணிக்கைக் கவரைத் தேடுவார். அது எப்போதும் மேல்பையில்தான் இருக்கும். சபை முழுவதும் காத்திருக்கும். அவளை வெட்கம் பிடுங்கித் தின்னும். கடைசியில் வந்து சேர்ந்து, "வா, வா" என்பார், என்னவோ அவள்தான் தாமதம் செய்தது போல.

ஆண்கள் பக்கம், அவர் உட்காரும் பெஞ்சின் ஓரத்தைப் பார்த்தாள்.

அங்கே வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்.

அவள் யாருக்காக நிற்கிறாள் என்பது சபைக்குப் புரிந்துவிட்டது. எங்கோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். கீபோர்டு வாசிக்கிறவர் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது திரும்பிப் போய் உட்கார்ந்தால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். பாவம் என்பார்கள். வாசலில் வைத்துக் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அடக்கம் முடிந்த நாளிலிருந்து எல்லோரும் அவளிடம் போனதைப் பற்றியே பேசினார்கள். கிடைத்ததைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவளுக்குக் கிடைத்திருந்தது. குழந்தை தங்காத வருடங்களில், ஊராரின் கேள்வி அவளிடம் வரும் முன்பே தானே பதில் சொன்ன ஒரு மனிதர் கிடைத்திருந்தார். அவளுக்கு டைபாய்டு வந்தபோது கஞ்சியைக் கரியவிட்டு, கரிந்ததைத் தான் குடித்து, மறுபடி வைத்துக் கொடுத்தவர். சுருதி சேராமல் உரக்கப் பாடியவர். இதற்கெல்லாம் யார் நன்றி சொல்வது?

அழுகை வரும் என்று நினைத்தாள். சிரிப்பு வந்தது.

எங்கே போனாலும் கடைசி ஆளாக வருகிறவர், இந்தத் தடவை முந்திக்கொண்டார். அவ்வளவுதான்.

நடந்தாள்.

பீடத்தின் முன்னால் ஒரு இளம் தம்பதி, கைக்குழந்தையோடு முழங்காலிட்டிருந்தது. அவர்கள் பக்கத்தில் அவளும் முழங்காலிட்டாள்.

போதகர் சின்ன வயதுக்காரர். அவள் கணவரை அடக்கம் செய்தவரும் அவர்தான். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் தயங்கினார். இறந்தவர்களுக்காக ஜெபிப்பது அந்தச் சபையில் வழக்கமில்லை. தம்பதிகளுக்கான ஜெபத்தை ஒருத்திக்கு எப்படிச் சொல்வது என்றும் அவருக்குத் தெரியவில்லை.

அவளே நிமிர்ந்து சொன்னாள்.

"அவுகளுக்காக ஜெபம் பண்ண வேண்டாம் ஐயா. அவுகள எனக்குத் தந்ததுக்கு ஸ்தோத்திரம் மட்டும் சொல்லுங்க."

அது மைக்கில் விழுந்தது. கடைசி பெஞ்சு வரை கேட்டது.

போதகர் அவள் தலையில் கை வைத்தார். ஜெபம் சின்னதாகத்தான் இருந்தது.

ஆமென் சின்னதாக இல்லை. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், இடம் கிடைக்காமல் வாசலில் நின்றவர்கள், எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் இன்னொருத்தி முழங்காலிட்டுக்கொண்டிருந்தாள்.

நாத்தனார். மூட்டு வலிக்காரி. பீடத்தின் கம்பியைப் பிடித்து மெல்ல மெல்ல இறங்கினாள்.

"உங்களுக்கும் இந்த வாரமாம்மா?" போதகர் குனிந்து கேட்டார்.

"எனக்கு மே மாசம் ஐயா." நாத்தனார் தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "ரொம்ப வருசமா விட்டுப்போச்சு."

போதகர் மறுபடியும் கையை நீட்டினார்.

பின்னால், பெண்கள் பக்கத்தில், ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது.

பிறகு இன்னொன்று.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்காலைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள்.