பன்னிரண்டாவது ஃபோல்டர்

எங்கள் ஓலு நகர அலுவலகத்தில் தினமும் காலையில், எல்லோருடைய நிரல்களையும் ஒன்றாகத் தொகுக்கும் பில்டு ஓடும். அது பதினோரு ஃபோல்டர்களுக்குள் நுழைந்து வெளியேறும். ஒவ்வொரு நுழைவையும் வெளியேற்றத்தையும் திரையில் எழுதும். திங்களன்று பதினோரு முறை நுழைந்து, பன்னிரண்டு முறை வெளியேறியது. கடைசியாக வெளியேறிய ஃபோல்டர் 'அஹ்தி'. எங்களோடு வேலை பார்த்துச் செத்துப்போன அந்தச் சோம்பேறியின் குப்பை ஃபோல்டரை வெள்ளிக்கிழமையே அழித்திருந்தேன்.

"அந்தாளு உருப்படியா ஒரு வரி எழுதினதில்ல. செத்தும் உயிரை வாங்குறான்," என்றேன்.

"விடு ரெய்யோ, பில்டுதான் ஓடுதே," என்றாள் பக்கத்து மேசை தூலியா, காப்பியை உறிஞ்சியபடி.

இன்று பன்னிரண்டு முறை நுழைந்தது. பதினோரு முறைதான் வெளியேறியது. கடைசியாக நுழைந்த ஃபோல்டர் 'ரெய்யோ'. என் பெயரில் ஒரு ஃபோல்டர் எங்களிடம் கிடையாது.

மேலாளர் வந்து, "ரெய்யோ எங்க?" என்று கேட்டார்.

நான் என் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். தூலியா அதன்மேல் தன் கோட்டைக் கழற்றிப் போட்டாள்.

"அந்தாளா? பில்டுதான் ஓடுதே, விடுங்க."