முதலில் நெஞ்சு, அப்புறம் தராசு

குழந்தை இந்தத் தடவையும் தராசுக்குத்தான் போனது.

"மூணு கிலோ, சிஸ்டர்," என்று ஆயாம்மா கணீரென்று அறிவித்தாள்.

பிரசவ அறையின் பெரிய சிஸ்டர் கையுறையைக் கழற்றிக் கூடையில் வீசினாள். காலையிலிருந்து இது மூன்றாவது. மூன்றிலும் ஆயாம்மாவின் கால் தராசுப் பக்கமே ஓடியது. மூன்றிலும் அதே மூன்று கிலோ.

"எடையை யாராவது கேட்டாங்களா, ஆயாம்மா?"

"முப்பது வருஷமா வெளியில நிக்கிறவங்க அதைத்தானே மொதல்ல கேக்கறாங்க."

"வெளியில நிக்கிறவங்களா பெத்தாங்க? உள்ள படுத்திருக்கிறவ பெத்தா. குழந்தை வந்ததும் எங்க போகணும்?"

"அம்மா நெஞ்சுக்கு," என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தாள் ஆயாம்மா. "தலைக்குத் தெரியுது சிஸ்டர். காலுக்குத்தான் தெரியல."

கடிகாரம் பார்த்து நேரம் குறித்துக்கொண்டிருந்த நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெரிய சிஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

நாளைக் காலை மேலிடத்து ஆட்கள் வந்து இதே அறையில் நின்று பார்க்கப்போகிறார்கள். பிறந்த ஒரு நிமிஷத்துக்குள் குழந்தை தாயின் வெறும் நெஞ்சில் கிடக்கவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அது நடக்காத பிரசவ அறைகள் இரண்டை ஏற்கெனவே பூட்டியாகிவிட்டது. இதையும் பூட்டினால், வலி எடுத்தவள் இரண்டு மணி நேரம் வண்டியில் குலுங்கிக்கொண்டு போகவேண்டியதுதான்.

"தராசுக்கு மேலே 'ஒரு மணி நேரம் கழித்து'ன்னு இவ்ளோ பெருசா எழுதி ஒட்டியிருக்கேனே, கண்ணுல படலியா?"

"கண்ணாடி போட்டாத்தான் எழுத்து தெரியும் சிஸ்டர். கண்ணாடி போட்டா மூக்குல வழுக்குது, அதைப் பிடிக்கிறதா, குழந்தையைப் பிடிக்கிறதா?"

"இதுக்கு முந்தினதுல நெஞ்சு வரைக்கும் கொண்டுபோனீங்க. அதையும் உடுப்பு மேல வச்சு, வச்ச வேகத்துல எடுத்துட்டுத் தராசுக்கு ஓடிட்டீங்க. உடுப்பு மேல வச்சா தொட்டில்ல போட்ட மாதிரிதான். தோலோட தோல் படணும்."

"பச்ச உடம்பு. வெறும் நெஞ்சுல கெடந்தா குளிராதா?"

"ஈரத்தைத் தொடச்சிடறீங்க, மேல துணி போத்தறீங்க, தலைக்குக் குல்லா. அம்மா உடம்புச் சூடு எந்த விளக்குல இருக்கு? ஒரு மணி நேரம் அங்கேயே கெடக்கட்டும். தராசு எங்கயும் ஓடிப்போகாது."

"அப்ப நீங்களே வச்சிடுங்களேன்."

"என் கை ரெண்டும் பெத்தவகிட்ட வேலையா இருக்கும். குழந்தையை வாங்கற கை உங்களுது."

ஆயாம்மா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வேறு யாருடையதோ போல.

தராசைத் தூக்கி வெளியே வைத்துவிடலாமா என்றுகூடப் பெரிய சிஸ்டருக்குத் தோன்றியது. ஆனால் நாளை வருகிறவர்கள் முதல் கேள்வியாகத் தராசு எங்கே என்றுதான் கேட்டுத் தொலைப்பார்கள். புதுக் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"சரி, அடுத்தது."

கட்டிலில் படுத்திருந்தவள் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள். "சிஸ்டர், இடுப்பு விட்டுப்போற மாதிரி இருக்கு. கொஞ்சம் எழுந்து நடக்கட்டுமா?"

"நீ வேற ஆரம்பிக்காதே தாயே. பேசாம படு, இது ஒண்ணு முடியட்டும்."

"இல்ல சிஸ்டர், விட்டு விட்டு..."

"படுன்னா படு. எனக்கு இருக்கிற எரிச்சல் போதும்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு படுத்தாள். நெற்றி முழுக்க வேர்வை.

பெரிய சிஸ்டர் குழந்தையை நீட்டினாள். ஆயாம்மா துண்டில் வாங்கினாள். வாங்கின கையோடு வலது கால் தராசுப் பக்கம் திரும்பியது.

"ஆயாம்மா," என்றாள் பெரிய சிஸ்டர், பல்லைக் கடித்தபடி.

கால் நின்றது. யோசித்தது. கட்டில் பக்கம் திரும்பியது. ஆயாம்மா துடைத்தாள், அங்கியை விலக்கினாள், வெறும் நெஞ்சில் குப்புறக் கிடத்தி முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். துணியைப் போர்த்திக் குல்லாவை மாட்டியதும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். சும்மா விட்டால் அவை மறுபடி எடுத்துவிடுமோ என்று அவளுக்கே பயம்.

"நாப்பத்தஞ்சு நொடி," என்றாள் கடிகாரம் பார்த்த நர்ஸ்.

காலையிலிருந்து அடக்கி வைத்த மூச்சைப் பெரிய சிஸ்டர் விட்டாள். "இதுக்கா இத்தனை பாடு? நாளைக்கும் இப்படியே செஞ்சிடுங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். யாரும் அசையாதீங்க, ஒரு தடவை கண் நிறையப் பாத்துக்கறேன்."

கட்டிலில் கிடந்தவள் கை நீட்டி அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"பொம்மைய எடுங்க சிஸ்டர். எனக்குப் பிரசவ லீவு திங்கக்கிழமையிலேருந்துதான், ஆனா பனிக்குடம் இப்பவே உடைஞ்சிடுச்சு."