கம்பெனி கொடுத்தபடியே

"ஒவ்வொரு ரூலுக்குப் பின்னாடியும் ஒருத்தன் காரு நிக்கும். இது யாரு காருக்குன்னு எனக்குத் தெரியாதாக்கும்?" என்றான் முத்துப்பாண்டி.

ஒத்தக்கடையில் சேக் மைதீனின் ஒர்க்‌ஷாப். ஞாயிற்றுக்கிழமை காலை, பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். பொட்டல் காட்டில் கார்ப் பந்தயம் விடுகிற சங்கம் அது. பந்தயக் காரென்று பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஆபீசுக்கும் கல்யாணத்துக்கும் போகிற அதே சாதாரணக் கார்தான். கம்பெனி கொடுத்தபடியே இருக்கவேண்டும், ஒரு போல்ட்டைக்கூட மாற்றக் கூடாது. கிளட்சு மிதித்துக் கியர் போடுகிற காராகவும் இருக்கவேண்டும்.

இந்த இரண்டாவது ரூலைத்தான் தளர்த்தச் சொன்னார் சேக் மைதீன். ஆட்டோமேட்டிக் காரையும் சேர்த்துக்கொள்வோம், அது மெதுவாகத்தான் போகும், யாருக்கும் நட்டமில்லை என்றார்.

முத்துப்பாண்டி நம்பவில்லை. புத்தம்புது ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வாசலில் நிற்பதை உள்ளே வரும்போதே பார்த்திருந்தான். மூன்று வருசமாகக் கோப்பை அவன் வீட்டில் இருக்கிறது. அதைத் தட்டிப் பறிக்கத்தான் மைதீன் கார் வாங்கியிருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டான்.

டிஸ்க் விலகிய இடுப்பு அவனுக்கு. பிளாஸ்டிக் சேரில் பத்து நிமிசம் உட்கார்ந்தால் உயிர் போய்விடும். அதனால் நின்றுகொண்டே பேசினான். பேச்சா அது? மழைதான்.

"இடது காலுக்கு வேலையில்லாம ஓட்டுறவன் எதுக்குப் பந்தயத்துக்கு வாரான்? வீட்டுல கட்டில் இல்லையா? ரூல்னா ரூல். மடியில கனமில்லாதவன் எதுக்கு ரூலை மாத்தச் சொல்லணும்?"

சிலர் சிரித்தார்கள். ஓரத்துச் சேரில் இருந்த நல்லகாமன் அண்ணன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கத்திலேயே மூத்தவர். பந்தயத்துக்கு முன்னால் எல்லார் காரையும் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவரும் அவர்தான். பந்தயம் ஓட்டாதவன் சோதிக்கிறேன் என்று பானட்டில் கை வைக்கக் கூடாது என்பது சங்கத்து வழக்கம். அவர் ஓட்டவும் செய்வார்.

கை தூக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்று ஆறு, வேண்டும் என்று ஐந்து. நல்லகாமன் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. மனுசனுக்கு முதுகெலும்பே கிடையாது என்று நினைத்துக்கொண்டான் முத்துப்பாண்டி.

டீ குடித்துவிட்டு எல்லோரும் கிளம்பினார்கள். முத்துப்பாண்டியின் காரை மறித்துக்கொண்டு அந்தப் புதுக் கார் நின்றது. அவன் திரும்ப உள்ளே வந்தான்.

"மைதீனு, ஒன் வண்டியை எடு. நான் போகணும்."

"அது என் வண்டி இல்ல மாப்ள."

ஓரத்துச் சேரிலிருந்து நல்லகாமன் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். சேரைப் பிடித்து, சுவரைப் பிடித்து, இடது காலை இழுத்து இழுத்து வாசலுக்கு நடந்தார். ஷூ இருந்தது. உள்ளே பாதம் இல்லை என்பது நடையிலேயே தெரிந்துபோனது.

சர்க்கரையில் வைகாசி மாசமே காலை எடுத்துவிட்டார்கள் என்று மைதீன் மெல்லச் சொன்னார். சொன்னால் பாவப்பட்டுக் கை தூக்குவீர்கள், அது வேண்டாம் என்று சத்தியம் வாங்கிவிட்டாராம். தனக்கு வேண்டிய ரூலுக்குத் தானே கை தூக்குவதும் முறையில்லை என்றாராம்.

முத்துப்பாண்டி பேசிய பேச்சு ஒவ்வொன்றும் திரும்ப வந்து அவன் காதிலேயே விழுந்தது. வெளியே ஓடினான். நல்லகாமன் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, தெரியாமப் பேசிட்டேண்ணே. நாளைக்கே இன்னொரு கூட்டம் போடுவோம். நானே கை தூக்குறேன்."

"வேணாம் பாண்டி. நீ சொன்னதுதான் சரி, ரூல்னா ரூல்." அவர் முகத்தில் கோபம் துளிகூட இல்லை. காரைக் கிளப்பிவிட்டு, மற்றவர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார்.

"ஒன் இடுப்புக்காக நீ மாத்தி வச்சிருக்கியே ஒரு சீட்டு, அதைக் கழட்டிட்டுக் கம்பெனி சீட்டையே மாட்டிரு. மூணு வருசமா பாத்தும் பாக்காத மாதிரி கையெழுத்துப் போட்டேன். இனிமே சோதிக்க நான் வர மாட்டேன்."