அக்காவின் காலிக் கட்டங்கள்

"ஏன்க்கா, போன்ல ஒரு தட்டு தட்டக்கூடவா தெரியாது உனக்கு?"

"நீ முதல்ல கத்தாம பேசுடா..."

"கத்தாம என்ன பண்றது? மாசம் முழுக்க உன் கட்டம் காலி!"

அப்பா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட மறுநாளே, வெளியூரிலிருந்த தம்பி ஆன்லைனில் ஒரு காலண்டர் போட்டு அக்காவுக்கும் அனுப்பியிருந்தான். யார் என்றைக்கு அப்பாவைக் கவனித்தார்கள் என்று அதில் குறிக்க வேண்டும். அவன் போனில் நலம் விசாரித்த நாளெல்லாம் பச்சைப்பசேலென்று இருந்தது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! அப்பாவைப் பார்த்துட்டுக் கிளம்பும்போது உன் பேரைத் தட்டு, பச்சையாயிடும்னு."

"அதெல்லாம் நல்லா ஞாபகமிருக்கு."

"அப்புறம் என்ன? நாளைக்குப் பெரியப்பா இதைப் பார்த்துத்தான் அப்பா உன்கூட இருக்கிறதா, முதியோர் இல்லத்துக்குப் போறதான்னு முடிவு பண்ணப்போறார். எட்டிக்கூடப் பார்க்காதவகிட்ட எப்படி விடுவார்?"

மறுமுனையில் இருமல் கேட்டது. "மெல்லக் குடிங்கப்பா" என்றாள் அக்கா.

தம்பி குழம்பினான். "விடியறதுக்குள்ள அங்க போயிட்டியா?"

"கிளம்பும்போது தட்டுன்னுதானே சொன்னே? அவர் விழுந்த அன்னிக்கு வந்தவ, நான் இன்னும் கிளம்பவே இல்லையேடா?"