தங்க நிறத்தில் ஒரு 'காணவில்லை'

முன்னால் ஒருத்தர். முதுகுக்குப் பின்னால் அவரைப் போலவே நாற்பது பேர். ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே ஆள், கொஞ்சம் குண்டான ஆள். அது என்ன?

யோசித்துக்கொண்டே இருங்கள். போஸ்டர் செய்யும் ஒரு டிசைனரின் ஒன்பது வயது மகளைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவாள்: "எங்கப்பா செய்யுற எழுத்து."

அவர்கள் வீட்டுப் பூனையைக் காணோம்; மிளகு என்று பெயர். இரண்டு நாளாக மகள் சரியாகச் சாப்பிடவில்லை.

"போஸ்டர் ஒட்டலாம்ப்பா. படமும் போன் நம்பரும் இருந்தா போதும்."

"போதுமா? யார்கிட்ட பேசுற? தெருவே நின்னு பார்க்கும் பாரு."

கணினி முன் உட்கார்ந்தார். கீழே படத்தையும் போன் நம்பரையும் வைத்து, மேலே 'காணவில்லை' என்று அடித்தார். மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் முடியும் கிரேடியன்ட் பூசினார். அதை நகலெடுத்து ஒரு மயிரிழை கீழே நகர்த்தினார். மறுபடி நகல், மறுபடி மயிரிழை. நாற்பதாவது நகலில் எழுத்து தங்கக் கட்டியாகத் தாளைவிட்டு எழுந்து நின்றது. வாடிக்கையாளர்கள் 'பளபளன்னு வேணும்' என்றால் முகம் சுளிக்கும் அதே மனிதர்தான்.

"பூனை ரொம்பச் சின்னதா இருக்கேப்பா."

"எழுத்துக்கு இடம் வேணாமா?"

இருபது பிரதிகள். மகள் உற்றுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள், அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு, பிரதிகளை வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் தெருவில் இறங்கியவருக்குச் சுருக்கென்றது. கம்பத்துக்குக் கம்பம் கிரேயான் பூனை. ஒரு காது கறுப்பு, கீழே கொட்டை எழுத்தில் போன் நம்பர். தங்க எழுத்து மருந்துக்குக்கூட இல்லை.

"இருபதையும் குப்பையில போட்டுட்டா உன் பொண்ணு" என்று மனைவியிடம் பொருமினார். "அப்பன் வேலைக்கு இவ்வளவுதான் மரியாதை."

"இப்ப தேடுறது பூனையையா, உங்க பேரையா?"

அழைப்பு மணி அடித்தது. அடுத்த தெருத் தையல்காரர். ஒரு கையில் மிளகு, மறு கையில் கம்பத்திலிருந்து பிரித்த கிரேயான் போஸ்டர்.

"இந்த நம்பருக்குத்தான் போன் பண்ணேன். பாப்பா வழி சொன்னா."

மகள் பூனையை வாரிக்கொண்டாள். டிசைனர் தாளை வாங்கிப் புரட்டினார். பின்பக்கத்தில் அவருடைய தங்க எழுத்து.

போன் நம்பரைத் தேடினார். மேலே இல்லை, கீழே இல்லை. ஒவ்வொரு மயிரிழையாக இறங்கிய நாற்பது நகலும் அதன் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தன.

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல?" என்று தாளை மகளிடம் நீட்டினார்.

"நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்கப்பா."

தையல்காரர் போனதும், "இதை ஞாபகார்த்தமா ஃபிரிட்ஜ்ல ஒட்டி வைடி" என்றாள் அம்மா.

மகள் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். தங்க எழுத்து வெளியே தெரியும்படி ஒட்டினாள்.