இறக்கத்தில் சுமை

மூன்று மதக்காரர்கள் எங்களுடையது, எங்களுடையது என்று அடித்துக்கொண்ட நகரம் அது. அங்கே ஒரு புனித மலை. போன ஆட்சியில் அதைக் குப்பைமேடாக்கிவிட்டார்கள். குப்பையை மேலே சுமந்தது ஒரு கிழட்டுக் கழுதைதான். இன்னொரு தடவை ஏற்றத்தில் படுத்தால் தோலை உரிக்கக் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தான்.

அப்புறம் முஸ்லிம்கள் நகரத்தைப் பிடித்தார்கள். கலீபாவின் ஆட்கள் மலையைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். கழுதை இப்போது வெறும் முதுகோடு ஏறியது, குப்பையோடு இறங்கியது.

"மலை கடைசியில யாருக்குத்தான் சொந்தம் அண்ணே?" என்று தெருநாய் கேட்டது.

"யாருக்கா இருந்தா எனக்கென்ன? சுமை இறக்கத்துல வருது. இதைவிட நல்ல ஆட்சி கிடையாது."

"அது சரி. சுத்தம் பண்ணி முடிச்சதும் மேலே பெரிய பள்ளிவாசல் கட்டப்போறாங்களாம். கல்லெல்லாம் கீழேதான் வெட்டுறாங்க."

கழுதை அப்படியே நின்றுவிட்டது. பிறகு ரொம்ப மெதுவாக ஒரு காலை எடுத்து வைத்தது.

"என்ன அண்ணே, கால் வலியா?"

"எத்தனை தலைமுறைக் குப்பை தம்பி. புனிதமான இடம் வேற. அவசரப்பட்டு அள்ளலாமா?"